காலையில் சாயம் மட்டும்

சென்ற வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் தொலைபேசியில் என்னிடம் ஒரு தமிழ்ச் சொல் கேட்டாள். கடல் கடந்த ஒரு நாட்டில், பல்கலைக்கழக ஆய்வுகூடம் ஒன்றில் வேலை செய்கிறாள். வழக்கமாக அவள் கேட்பது இரண்டே கேள்விகள்தான்: பிரஷர் குளிசை போட்டீர்களா, அம்மாவின் முழங்கால் எப்படி. அன்றைக்கு மூன்றாவதாக ஒன்று வந்தது.

"அப்பா, எக்ஸ்ரே அறையில ஆக்களுக்கு ஊசி போட்டுப் படம் எடுப்பீங்களெல்லோ. அந்த ஊசி மருந்துக்குத் தமிழில என்ன சொல்லுவீங்கள்?"

முப்பது வருடம் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் எக்ஸ்ரே படம் பிடித்து ஓய்வு பெற்றவன் நான். படித்த மகள் தொழில் சம்பந்தமாக என்னிடம் ஒரு சந்தேகம் கேட்கிறாள். கொஞ்சம் நெஞ்சு நிமிர்ந்தது என்பதை மறைப்பானேன். எதற்கு என்று கேட்டேன்.

எங்கள் காலத்துக் கதிரெல்லாம் இல்லாமல், இப்போது வெளிச்சத்தைக் கொண்டு உடம்புக்குள் பார்க்கிறார்களாம். கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம். சிவப்புக்கு அடுத்த வீட்டில் இருக்கிற அகச்சிவப்பு. தோலும் இரத்தமும் அதை அவ்வளவாக மறிப்பதில்லை, இரண்டு மூன்று விரற்கடை உள்ளே விட்டுவிடும். ஆனால் உள்ளே போன வெளிச்சம் சிதறிப்போகும். அதை வைத்துத் துல்லியமாகப் படம் பிடிக்க முடியாது. அதனால் முதலில் ஊசியால் ஒரு பொருளை இரத்தத்தில் விடுகிறார்கள். அது வெளிச்சத்தை உறிஞ்சி, துளியளவு சூடாகி, துளியளவு வீங்கி, ஒரு சத்தம் போடும். நம் காதுக்கு எட்டாத சத்தம். ஒரு கருவி அதைக் கேட்டு, எந்த இடத்திலிருந்து வந்தது என்று கண்டுபிடித்துப் படமாக்கும்.

"அப்ப பாக்கிறதில்லை, கேக்கிறது" என்றேன்.

"ஓம் அப்பா. வெளிச்சத்தைக் குடுத்துச் சத்தத்தை வாங்கிறது. அந்த ஊசிப் பொருளைச் செய்யிறதுதான் என்ர வேலை. கட்டி இருக்கிற இடமாப் பாத்து ஒட்டிக்கொண்டு நிண்டு சத்தம் போடோணும்."

அவள் இருக்கும் ஊரில் தமிழர் நிறையப் பேர். பரிசோதனைக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கத் தமிழிலும் ஓர் அறிவித்தல் துண்டு அச்சடிக்கப் போகிறார்கள். எழுதும் பொறுப்பு இவள் தலையில். எழுதியும் வைத்திருந்தாள். வாசித்துக் காட்டினாள்: "பரிசோதனைக்கு முன் நான்கு மணித்தியாலம் வெறும் வயிற்றுடன் இருக்க வேண்டும். பின்னர் உங்களுக்குச் சாயம் கொடுக்கப்படும்."

"சாயம் எண்டு போடாதே" என்றேன்.

"ஏன்? டை எண்டால் சாயம்தானே. அகராதியிலயும் அதுதான் கிடக்கு."

"போடாதே எண்டால் போடாதே!"

என் கோபம் அவளுக்குப் பழக்கம்தான். எனினும் ஒரு சொல்லுக்கு இந்தப் பாய்ச்சல் ஏன் என்று திகைத்திருப்பாள். "என்ன அப்பா?" என்று மெதுவாகக் கேட்டாள். இருபத்தைந்து வருடமாக மனைவியிடம்கூடச் சொல்லாததை அன்றைக்கு அவளிடம் சொன்னேன். இங்கே எழுதுவதும் அதைத்தான்.

எண்பத்தோராம் ஆண்டு எனக்கு மாத்தளை மாவட்டத்தில் ஓர் ஆஸ்பத்திரிக்கு மாற்றம் வந்தது. எந்த ஆஸ்பத்திரி என்பது வேண்டாம். நான் யாழ்ப்பாணத்தான். மனைவியை ஊரில் விட்டுவிட்டுத் தனியாக வந்து அரசாங்க விடுதியில் இருந்தேன். ஒரு மெஷின், ஒரு இருட்டறை, மழைக்காலத்தில் காயவே காயாத படங்கள். இதுதான் என் ராச்சியம். அந்த ராச்சியத்தில் நான் வைத்ததுதான் சட்டம். கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது. இருபத்தொன்பது வயது.

எலும்புப் படம் எடுப்பது பெரிய காரியமில்லை. கையை வை, மூச்சைப் பிடி, முடிந்தது. கிட்னிப் படம் அப்படியல்ல. கிட்னி சதை, சாதாரண எக்ஸ்ரேயில் சதைக்குள் சதையாக மறைந்து கிடக்கும். அதை வெளியே கொண்டுவர அயடின் கலந்த மருந்து ஒன்றை நரம்பில் ஏற்ற வேண்டும். நாங்கள் அதைத்தான் சாயம் என்போம். இரத்தத்தோடு போய்க் கிட்னியில் வடிந்து, ஐந்தாம் நிமிடப் படத்தில் இரண்டு வெள்ளை அவரைவிதையாகத் தெரியும். பத்தாம் நிமிடம், பதினைந்தாம் நிமிடம் என்று படம் எடுத்துப்போனால் அடைப்பு எங்கே, கட்டி எங்கே என்று கண்டுவிடலாம். இதற்கு ஒரே நிபந்தனை, முதல்நாள் மத்தியானத்திலிருந்து தண்ணீரைக் குறைத்து, காலையில் வாய் நனைக்காமல் வர வேண்டும். தண்ணீர் நிறையக் குடித்துவிட்டு வந்தால் சாயம் கரைந்து, கிட்னி பனிக்குள் நிற்கிற ஆள் மாதிரி மங்கிப்போகும்.

சாயம் கொழும்பிலிருந்து கண்ணாடிக் குப்பிகளில் வரும். ஒரு சின்னப் பெட்டிதான், அதுவும் நினைத்த நேரத்தில். ஊசி போடுகிற டொக்டர் கண்டியிலிருந்து இரண்டு கிழமைக்கு ஒருமுறை வியாழக்கிழமை வருவார். ஒரு வியாழன் தவறினால் நோயாளி அடுத்த முறைக்கு எத்தனை நாள் காத்திருக்க வேண்டுமென்று எவருக்கும் தெரியாது.

நான் போனபோது நோயாளிகளுக்குக் கொடுக்கும் துண்டு சிங்களத்திலும் இங்கிலீசிலும் மட்டுமே இருந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. வருகிறவர்களில் பாதிப்பேர் தமிழ் பேசுகிறவர்கள். கேட்டுப் பார்த்தேன், அச்சடிக்கக் காசில்லை என்றார்கள். சரி, என் கையெழுத்துக்கு என்ன குறை என்று நானே உட்கார்ந்து எழுதினேன். ஞாயிறு முழுக்க எழுதிக் குவித்தேன். "இந்த ஜில்லாவில தமிழில துண்டு குடுக்கிற எக்ஸ்ரே அறை எங்கட மட்டும்தான்" என்று ஊருக்குக் கடிதம் வேறு போட்டேன். அந்தத் துண்டில் எழுதியிருந்தது இன்றைக்கும் எழுத்துத் தவறாமல் ஞாபகம்:

"இது சாயம் போட்டு எடுக்கும் படம். முதல்நாள் மத்தியானத்தின் பின் தண்ணீரைக் குறைக்கவும். வெறும் வயிற்றுடன் வரவும். வெட்டுக்கொத்து எதுவும் இல்லை, பயப்பட வேண்டாம். காலையில் சாயம் மட்டும்."

கடைசி வரி என் அனுதாபத்தில் பிறந்தது. கிட்னிப் படம் என்றதும் கத்தி வைக்கப் போகிறார்கள் என்று பயந்து ஓடுகிறவர்கள் இருந்தார்கள். வேறொன்றுமில்லை, ஓர் ஊசி, ஒரு சாயம், அவ்வளவுதான் என்று தைரியம் சொல்லத்தான் அதை எழுதினேன்.

அந்த அம்மா எண்பத்து மூன்று மாசியில் வந்தார். எல்கடுவப் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கிறவர், நாற்பது நாற்பத்தைந்து வயதிருக்கும். கூடைக்கயிறு அழுத்தி அழுத்தி நெற்றிக்கு மேலே முடி தேய்ந்திருந்தது. கூடவே அவர் கணவர், சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை பூட்டிக்கொண்டு. சிறுநீரில் இரத்தம் போகிறது, இடப்பக்க விலாவில் நோவு. டொக்டர் ஊசி போட்டுவிட்டு வார்ட்டுக்குப் போனார். நான் படம் எடுத்தேன். கழுவிப் பார்த்தால் இரண்டு பக்கமும் புகை. வலது எது, இடது எது என்றே நிச்சயமில்லை. எனக்கு விளங்கிவிட்டது.

"காலமை என்ன குடிச்சனீங்கள்?"

"சாயம் மட்டுந்தாங்க" என்றார் அந்த அம்மா.

"சாயம் டொக்டர் இப்பதானே ஊசியால போட்டவர்! நீங்கள் வீட்டில என்னத்தைக் குடிச்சனீங்கள் எண்டு கேக்கிறன்."

அவர் கணவரைப் பார்த்தார். கணவர் ஒரு அடி முன்னால் வந்து, "துண்டுல போட்டிருந்த மாதிரியேதான் செஞ்சோம் சார்" என்றார்.

துண்டில் இருந்த சொல்லைக் கிளிப்பிள்ளை போலச் சொல்கிறார்கள், கேள்வி விளங்கவில்லை என்று நினைத்தேன். அதற்கு மேல் ஒரு கேள்வி கேட்கவில்லை. எங்கள் வீட்டிலும் தேயிலைச் சாயம் உண்டு. ஆனால் அது கேத்தலுக்குள் ஊறுகிற நிறம். குடிப்பதற்குப் பெயர் தேத்தண்ணி. பால் இல்லையென்றால் பிளேன்ரீ. மாத்தளைக்கு வந்து இரண்டு வருடமாகியும் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் ஒரு லயத்து வாசலில் உட்கார்ந்து நான் ஒரு வாய் குடித்ததில்லை. குடித்திருந்தால் தெரிந்திருக்கும்.

வேறு நாள் குறித்துக் கொடுத்தேன். கூடவே அதே துண்டு.

அவர்கள் மட்டுமில்லை. தோட்டங்களிலிருந்து வந்தவர்களில் பலபேருடைய படம் அப்படித்தான் மங்கி வந்தது. நான் அதற்கு ஒரு காரணமும் கண்டுபிடித்து வைத்திருந்தேன். "தோட்டத்து ஆக்கள் சொல்லுக் கேக்க மாட்டினம் சேர்" என்று டொக்டரிடம் சொல்வேன். அவர் தலையை ஆட்டுவார். ஒரே இடத்து ஆட்கள் ஒரே பிழையை விடுகிறார்களே, பிழை எங்கே என்று யோசிக்க எனக்குத் தோன்றவேயில்லை. தமிழில் எழுதிக் கொடுத்த மகானுக்கு என்ன பிழை வரப்போகிறது!

வைகாசியில் இரண்டாவது முறை வந்தார்கள். அந்த அம்மா மெலிந்திருந்தார். நடைக்கூடத்து வாங்குப் பலகையின் கீழே துணி சுற்றிய ஒரு பெரிய போத்தல், வெறுமையாக. முதல்முறை சரிவரவில்லையே, அளவு போதவில்லை போலிருக்கிறது என்று இந்த முறை போத்தல் நிறையக் கொண்டுவந்து பஸ்ஸிலும் வாங்கிலும் இருந்து அந்த அம்மா குடித்து முடித்திருக்கிறார். இது எனக்குப் பிறகு தெரிந்தது. அன்றைக்குத் தெரிந்தது படம் மட்டும். முதலாவதைவிட மோசம்.

நான் நடைக்கூடத்துக்கு வந்து, வரிசையில் நின்ற அத்தனைபேர் முன்னாலும் கத்தினேன். இரண்டு குப்பி மருந்து பாழ் என்றேன். வேறு ஆஸ்பத்திரி என்றால் கழுத்தைப் பிடித்துத் தள்ளியிருப்பார்கள் என்றேன். "தேயிலைக்குள்ளயே கிடந்து மூளையும் காஞ்சு போச்சோ?" என்றும் கேட்டேன். ஆம், இந்த வாயால்தான். அந்த அம்மா எழுந்து நின்று, "மன்னிச்சுக்குங்க சார்" என்று கும்பிட்டார். கணவர் போத்தலை எடுத்துத் துணியால் மூடிக்கொண்டார்.

பதிவுப் புத்தகத்தில், நோயாளி ஒத்துழைக்கவில்லை என்று இங்கிலீசில் எழுதினேன். சாயமும் முடிந்துவிட்டது. புதுப் பெட்டி வந்ததும் அறிவிப்போம் என்று அனுப்பினேன்.

பெட்டி வருவதற்கு முன் ஆடி வந்தது. அந்த ஆடியைப் பற்றி எழுத எனக்கு ஒன்றுமில்லை, எல்லோரும் எழுதிவிட்டார்கள். தமிழர்களின் கடையும் வீடுமாக மாத்தளை எரிந்தது. நான் எக்ஸ்ரே அறையில் ஈயக் கவசத்தை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன், ஏதோ அது கல்லையும் நெருப்பையும் தடுக்கும் என்பது போல. அம்புலன்ஸ் சாரதி சிங்களவர். அவர்தான் மத்தியானம் என்னை வண்டிக்குள் ஏற்றி, மேலே கம்பளியைப் போட்டு மூடி, எல்கடுவ மலைக்குக் கொண்டுபோனார். வழியில் இரண்டு இடத்தில் மறித்தார்கள். தொற்றுநோய்க்காரன் என்று சொல்லித் தப்பவைத்தார். மேலே ஒரு தோட்டத்து டிஸ்பென்சரியில் என்னை இறக்கிவிட்டுத் திரும்பிப் போனார். டிஸ்பென்சர் ஐயா எனக்கு முன்பே தெரிந்தவர். மூன்று கட்டில் இருந்த அறையில் ஒரு மூலையைக் காட்டி, "இங்கன படுத்துக்கங்க, வெளிய தலைகாட்டாதீங்க" என்றார்.

விடிந்த பிறகுதான் மூன்றாவது கட்டிலில் இருப்பது யார் என்று பார்த்தேன். அந்த அம்மா. அது அவருடைய தோட்டம். நோவு தாங்க முடியாமல் பத்து நாளாக அங்கேதான் படுத்திருந்தாராம். எனக்குச் சுவரோடு சுவராக ஒட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

கணவர் லயத்திலிருந்து போத்தலோடு வந்தார். அதே போத்தல், அதே துணி. மனைவிக்குத் தகரக் கோப்பையில் ஊற்றினார். அந்த அம்மா அதை வாங்கவில்லை. என் பக்கம் கையைக் காட்டினார்.

"சாருக்கு மொதல்ல குடுங்க. நேத்தெல்லாம் ஒண்ணும் திங்கல." பிறகு என்னிடம், "வெறும் வயித்தோட இருக்காதீங்க சார். சீனி தீந்துபோச்சு, பால்மாவும் இல்ல. சாயம் மட்டுந்தான்" என்றார்.

கோப்பை என் கையில் இருந்தது. சிவந்த வெறும் தேத்தண்ணி. ஆவி முகத்தில் அடித்தது.

"இதுக்கு என்ன பேர் சொன்னனீங்கள்?"

"சாயந்தான் சார்" என்றார் கணவர். "நீங்க என்னன்னு சொல்வீங்க?"

"பிளேன்ரீ."

"அது தொரமாரு பேச்சு" என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தி, மரியாதையாகக் கேட்டார்: "அன்னைக்கு துண்டுல நீங்க எழுதியிருந்தது இந்தச் சாயத்தத்தானே சார்? இது உள்ள போனாத்தான் கிட்னி படத்துல தெரியும்னு நெனச்சோம். குடிச்சா அங்கதானே போவுது. நாந்தான் எழுத்துக்கூட்டிப் படிச்சு, நாந்தான் ஊத்திக் குடுத்தேன். ஒரு எழுத்து தப்பல."

காலையில் சாயம் மட்டும். வெறும் வயிற்றுடன் வரவும். காலையில் சாயம் மட்டும். என் கையெழுத்து என் கண்முன்னே வரிவரியாக நின்றது. அவர்கள் அதைத் துளி பிசகாமல் செய்திருக்கிறார்கள். தோட்டத்திலிருந்து வந்து என்னிடம் திட்டு வாங்கிப்போன ஒவ்வொருவரும் அதைத்தான் செய்திருக்கிறார்கள். என் சொல்லைக் கேட்காதவர் ஒருவருமில்லை. கேட்டதுதான் பிழையாகப் போயிற்று.

நான் என்ன பதில் சொன்னேன்? சூடு ஆறமுன்னம் குடிக்கிறேன் என்று கோப்பையை வாயில் வைத்துக்கொண்டேன். உயிருக்கு ஒளித்துக்கொண்டு அவர்கள் நிழலில் கிடக்கிற நேரத்தில் அதைச் சொன்னால் என்ன ஆகுமோ என்று ஒரு பயம். இது ஒரு சாட்டு என்று அப்போதே எனக்குத் தெரியும். அவர்கள் என்னை ஒன்றும் செய்திருக்க மாட்டார்கள். அங்கே ஒளித்திருந்த மூன்று நாளும் அந்த அம்மா தன் பங்குச் சாயத்தில் பாதியை எனக்குத் தந்தார். மூன்று நாளும் நான் வாங்கிக் குடித்தேன்.

அகதி முகாம், கப்பல், யாழ்ப்பாணம் என்று இரண்டு மாதம் போய், ஐப்பசியில் வேலைக்குத் திரும்பினேன். வந்த அன்றே எஞ்சியிருந்த துண்டுகளையெல்லாம் கிழித்து நெருப்பு வைத்தேன். சாயப் பெட்டி வந்திருந்தது. டிஸ்பென்சருக்கு ஆள் அனுப்பி, அந்த அம்மாவைக் கூட்டிவரச் சொன்னேன். இந்த முறை துண்டு இல்லை, வாய்மொழி. "எச்சிலைத் தவிர ஒண்டும் விழுங்கக் கூடாது. சாயத்தண்ணி, பச்சைத்தண்ணி ஒண்டும் கூடாது" என்று சொல்லியனுப்பினேன்.

தோட்டத்து லொறியில் வந்தார்கள். அந்த அம்மாவால் நடக்க முடியவில்லை. உதடு வெடித்துக் கிடந்தது. முதல்நாள் காலையிலிருந்தே ஒரு சொட்டும் குடிக்கவில்லையாம். மத்தியானத்துக்குப் பிறகு குறைத்தால் போதும் என்று சொல்ல மறந்திருந்தேன். சொன்னதற்கு மேல் செய்கிற மனிதர்கள் அவர்கள். டொக்டர் ஊசி ஏற்றினார்.

"ஒடம்பெல்லாம் சூடு பரவுதுங்க" என்றார். "நாக்குல காசு வச்ச மாதிரி இருக்குது."

"அது அப்பிடித்தான் அம்மா. பயப்பிடாதேங்கோ" என்றேன். அம்மா என்று அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கூப்பிட்டேன்.

ஐந்தாம் நிமிடப் படத்தை இருட்டறையில் சிவப்பு விளக்கின் கீழே தூக்கிப் பார்த்தேன். வலது கிட்னி சுண்ணாம்பால் கீறியது மாதிரித் துல்லியம். இடது பக்கத்தில் ஒன்றுமேயில்லை. பத்தாம் நிமிடம். பதினைந்து. அரை மணி. இரண்டு மணித்தியாலம் கழித்தும் எடுத்தேன். அந்த இடம் கறுப்பாகவே கிடந்தது. சாயம் போயும் வெளுக்காத கிட்னியை எங்கள் தொழிலில் ஊமை என்போம். மகள் தன்னுடைய மருந்து சத்தம் போடும் என்று சொன்னபோது எனக்கு முதலில் ஞாபகம் வந்தது அந்த ஊமைதான்.

நான் வெளியே வந்ததும் அந்த அம்மா மேசையில் படுத்தபடியே கேட்டார்.

"தெரியுதுங்களா சார்?"

"ஒரு பக்கம் நல்லாத் தெரியுது அம்மா."

அவர் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே. கணவர் பக்கம் திரும்பி, "இந்த வாட்டி சரியா செஞ்சிட்டேங்க" என்றார். எனக்கு இருட்டறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டியிருந்தது. அங்கே அழுதேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது.

டொக்டர் படத்தை விளக்கில் மாட்டிப் பார்த்துவிட்டு, கட்டி முழுதாகத் தின்றுவிட்டது என்றார். மாசியில் ஒழுங்கான படம் ஒன்று கிடைத்திருந்தால் அந்தக் கிட்னியை எடுத்து ஆளைக் காப்பாற்றியிருக்கலாம் என்றார். என்னைக் குற்றம் சொல்லவில்லை. புத்தகத்தில் நான் எழுதியிருந்ததை வாசித்து, "பாவம், சொல்லுக் கேட்டிருக்கலாம்" என்றுதான் சொன்னார். அவரிடமும் நான் வாய் திறக்கவில்லை. கண்டியில் திறந்து பார்த்துவிட்டு, ஒன்றும் செய்வதற்கில்லையென்று திரும்பத் தைத்து அனுப்பினார்கள். தைப்பொங்கல் கழிந்து சில நாளில் அந்த அம்மா போய்விட்டார். டிஸ்பென்சர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

இவ்வளவையும் கேட்டுவிட்டு மகளுக்கு இருந்தது ஒரே கேள்வி.

"அந்த ஐயாவுக்கு நீங்கள் சொன்னீங்களோ அப்பா?"

அதைத்தான் கேட்பாள் என்று தெரிந்தும் நான் அதை அதுவரை சொல்லாமல் விட்டிருந்தேன்.

அவர் என்னைத் தேடி வந்தார். அந்தச் சாவு நடந்து ஒரு மாதம் இருக்கும். அதே சட்டை, கழுத்துவரை பூட்டிய பொத்தான். கையில் பெரிய கடதாசி உறை. அதற்குள் மனைவியின் எக்ஸ்ரே படங்கள். அரசாங்கச் சாமான், திருப்பிக் கொடுத்துவிட்டுப் போகவேண்டும் என்று மனைவி சொல்லியிருந்தாராம். இந்தியா போவதற்கு அவருக்குக் கடதாசி வந்துவிட்டது. ஒப்பந்தப்படி தோட்டத் தமிழரை இந்தியாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்த காலம். அடுத்த கிழமை தலைமன்னாரில் கப்பல். எந்த ஊருக்கு என்றேன். "எங்க எறக்கி விடுறாங்களோ அங்கதான் சார்" என்றார்.

போகாமல் நின்றார். உறையின் ஓரத்தைத் தடவிக்கொண்டே நின்றார்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும் சார். கோவிச்சுக்காதீங்க. அன்னைக்கு ரெண்டு வாட்டியும் படம் சரியா வரலியே. சாயத்துல தேயில கூடிப்போச்சா? நாந்தானே ஊத்துனேன். அவளுக்குக் கடுப்பா இருந்தாப் புடிக்கும்னு நல்லாத்தான் போட்டேன். அதுனாலதான் கெட்டுப்போச்சா சார்?"

எங்கள் இருவரைத் தவிர அறையில் வேறு ஒருவருமில்லை. மறித்துக்கொண்டு ஒரு நோயாளிகூட வரவில்லை. சொல்வதற்கு அதைவிட நல்ல நேரம் எனக்குத் தரப்பட்டிருக்க முடியாது.

"இல்லை ஐயா. தேயிலையால ஒண்டுமில்லை."

"அப்ப எதுனாலதான் சார் கெட்டுச்சு?"

"விதி" என்றேன்.

இரண்டு எழுத்து. நான் என்பதும் இரண்டு எழுத்துத்தான்.

அவர் தலையை ஆட்டினார். நம்பவில்லை என்பது பார்த்தாலே தெரிந்தது. தன் மனது நோகக் கூடாதென்று சார் மறைக்கிறார் என்று நினைத்திருப்பார். கும்பிட்டுவிட்டுப் போனார். படிக்கட்டில் இறங்கும்வரை யன்னலால் பார்த்துக்கொண்டு நின்றேன். ஓடிப்போய்க் கூப்பிட்டிருக்கலாம். அந்த வருடக் கடைசியில் கப்பலே நின்றுபோயிற்று. டிஸ்பென்சர் மூலம் விசாரித்தேன், நீலகிரிப் பக்கம் என்றார்கள், கொடைக்கானல் பக்கம் என்றார்கள். இரண்டு கடிதம் எழுதினேன். ஒன்று திரும்பி வந்தது. மற்றது வரவேயில்லை. அந்த மனிதர் உயிரோடு இருந்தால் இன்றைக்கு எண்பது வயதாகும். எங்கோ ஓர் இடத்தில், தன் கையால் ஊற்றிய சாயம்தான் பெண்சாதியைக் கொன்றது என்று நினைத்துக்கொண்டு இருப்பார்.

"இல்லை பிள்ளை, சொல்லேல்லை" என்றேன் மகளிடம்.

அவள் என்னைத் தேற்றவில்லை. தேற்றியிருந்தால் நான் தொலைபேசியை வைத்திருப்பேன். கொஞ்சம் கழித்து, "அப்ப துண்டில என்ன போட அப்பா? நீங்களே சொல்லுங்கோ, நான் எழுதிறன்" என்றாள். மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

சொன்னேன். சாயம் என்ற சொல் வேண்டாம், ஊசியால் ஏற்றும் மருந்து என்று போடு. அது பச்சை நிறமென்றால் பச்சை என்று போடு. அதில் அயடின் இருந்தால் அதையும் போடு, மீனும் இறாலும் ஒத்துக்கொள்ளாதவர்கள் பயந்து கேட்பார்கள், இருந்து பதில் சொல்லு. தேத்தண்ணி, பிளேன்ரீ, சாயம், கோப்பி, பச்சைத்தண்ணி என்று ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிப் போடு. எழுதி முடித்ததும் நாலு ஊர்த் தமிழருக்கு வாசித்துக் காட்டு. அவர்கள் என்ன விளங்கிக்கொண்டார்கள் என்று அவர்கள் வாயாலேயே திருப்பிச் சொல்லவை.

"சரி அப்பா. இன்னும்?"

"கடைசியா ஒரு வரி. 'நீங்கள் ஏதாவது குடித்துவிட்டு வந்திருந்தால் அது உங்கள் பிழை அல்ல. பிழை எங்களுடையது. பயப்படாமல் எங்களிடம் சொல்லுங்கள்.'"

"இதெல்லாம் துண்டில போட விடமாட்டினம் அப்பா."

"நீ எழுது" என்றேன்.

எழுதினாள். இரண்டு மாதம் கழித்து அச்சடித்த துண்டு ஒன்றைத் தபாலில் அனுப்பியிருந்தாள். நல்ல வழுவழுப்பான தாள். நான் சொன்ன எல்லாம் இருந்தது, சாயம் என்று பெயர் சொல்லி விலக்கியதுகூட இருந்தது. கடைசி வரி மட்டும் இல்லை. இடம் போதவில்லை என்று சொல்லிவிட்டார்களாம்.

என்னுடைய பிரதியில் அடியில் கொஞ்சம் வெள்ளை இருந்தது. பேனையை எடுத்து அந்த வரியை என் கையெழுத்தில் எழுதினேன். ஓர் உறையில் போட்டு ஒட்டியும் வைத்திருக்கிறேன். மேலே எழுதுவதற்கு விலாசம் இல்லை.